வெள்ளைத் துணியும் இரண்டு தூரிகைகளும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியத்தைப் பற்றிப் பாடநூல்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லிவருகின்றன. 1717 இல் வத்தோ வரைந்த சித்தேராத் தீவுப் பயணத்தோடு ரொக்கோக்கோ பிறக்கிறது. பூஷேயின் கையில் கொழுக்கிறது. 1767 இல் ஃபிரகொனார் வரைந்த ஊஞ்சலாடும் பெண்ணோடு உச்சிக்குப் போகிறது. பிறகு 1785 இல் ஜாக் லூயி டாவிட் தன் 'ஹொரேஷியர்களின் சபதம்' என்ற பெரிய கன்வஸைப் பாரிஸ் சலோனில் தொங்கவிட, சல்லாபமும் இளஞ்சிவப்பும் ஒரே நாளில் வழக்கொழிந்து, ஒழுக்கமும் வீரமும் அரசாளத் தொடங்குகின்றன. இந்தக் கதையில் பொய் அதிகமில்லை. ஆனால் இது ஓவியர்கள் சொன்ன கதையல்ல. விமர்சகர்கள் சொன்ன கதை. 1760 களிலேயே பூஷேயை ஒழுக்கக்கேட்டின் உருவமாகக் காட்டி எழுதிய திதெரோவின் குரல்தான் இதில் இன்றுவரை கேட்கிறது. ரொக்கோக்கோவும் நவசெவ்வியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு யுகங்கள் என்பதைவிட, வர்ணத்தைக் கையாளும் இரண்டு முறைகள் என்றும், ஓவியத்திடம் எதிர்பார்க்கப்பட்ட வேலையைப் பொறுத்து அவற்றுள் ஒன்று தெரிவுசெய்யப்பட்டது என்றும் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. இதைப் பார்க்க வாய்ப்பான இடம் பாரிஸ் அல்ல, 1769 க்கும் 1816 க்கும் இடைப்பட்ட சோழமண்டலக் கரை. பார்க்க வேண்டிய பொருளும் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளை மஸ்லின் துணி.

மஸ்லினை வரைவது ஏன் கடினம் என்பதிலிருந்து தொடங்கலாம். பட்டுக்கு மினுக்கு உண்டு. வெல்வெட்டுக்கு இருட்டு உண்டு. மஸ்லினுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. அது தன் கீழே இருக்கும் தோலையும் தன் மேலே விழும் வெளிச்சத்தையும் கடன்வாங்கித்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது. ரொக்கோக்கோ ஓவியர்களுக்கு இப்படிப்பட்ட பொருள்களே பிடித்தமானவை: நுரை, முகில், பவுடர் பூசிய கூந்தல், தூரத்து மரங்களின் இலைத்திரள். இவற்றுக்கான உத்தியும் அவர்களிடம் இருந்தது. முதலில் தோலின் நிறத்தையோ நிழலையோ தீட்டி நன்றாகக் காயவிடுவார்கள். பிறகு ஈயவெள்ளையை மிக மெல்லியதாக, கீழ்ப்பூச்சு முற்றாக மறையாதபடி, காய்ந்த தூரிகையால் அதன்மேல் இழுப்பார்கள். இருட்டின் மேல் மெல்லியதாகப் படர்ந்த வெள்ளை நீலமாகத் தெரியும். அடுப்புப் புகை கூரையின் இருட்டுக்கு முன்னால் நீலமாகவும் வெளிவானத்துக்கு முன்னால் மங்கிய மஞ்சளாகவும் தெரிவதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். ஆகவே நீல வர்ணத்தைத் தொடாமலே துணியின் நிழல்களுக்குக் குளிர்ச்சி வந்துவிடுகிறது. கடைசியில், மடிப்பின் விளிம்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடங்களில் மட்டும் தடித்த வெள்ளையை ஈரமாக ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அந்தத் தடிப்பு கன்வஸில் மேடாக நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தூரிகை மயிரின் கீறல்கள் எண்ணும்படி தெரியும். 1769 அளவில் ஃபிரகொனார் தீட்டிய கற்பனை உருவப்படங்களில் கழுத்துப் பட்டிகளும் கைச்சுருக்குகளும் இப்படி வைத்த சில இழுப்புகளேயன்றி வேறில்லை. துணிக்குக் கீழே உடல் இருக்கிறதா என்று அங்கே கேட்க முடியாது, கேட்கவும் தோன்றாது.

டாவிட்டின் பட்டறையில் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. வெர்சாய் மாளிகையில், 1791 இல் தொடங்கி முடிக்காமல் விட்ட 'டென்னிஸ் மைதானச் சபதம்' என்ற ஓவியத்தின் கன்வஸ் இருக்கிறது. அதில் புரட்சிக்காலத்து மக்கள் பிரதிநிதிகள் ஆடையின்றி நிற்கிறார்கள். தசையும் எலும்பும் கோடுகளால் துல்லியமாகக் குறிக்கப்பட்ட உடல்கள், அவற்றில் சிலவற்றின் மேல் மட்டும் முழுமையாகத் தீட்டிய தலைகள். சட்டையும் கோட்டும் பிறகுதான் வரவிருந்தன. முடிந்திருந்தால் இந்த வேலைமுறை நமக்குத் தெரியாமலே போயிருக்கும். உடலை முதலில் புறக்கோட்டால் வரையறுத்து, பிறகு அதன்மேல் துணியைப் போர்த்துவது. துணியின் ஒவ்வொரு மடிப்பும் முழங்கால், தோள், இடுப்பு என்று ஏதாவதொரு மூட்டிலிருந்து புறப்பட்டு ஏதாவதொரு பாரத்தில் முடிவது. வர்ணங்களை ஒன்றோடொன்று இழைத்துத் தூரிகைத் தடம் தெரியாமல் மேற்பரப்பை ஒப்புரவாக்குவது. 1787 இல் தீட்டிய சோக்ரடீஸின் மரணத்தில் கிழவரின் வெள்ளைப் போர்வை சலவைக்கல்லில் வெட்டியதுபோல் நிற்கிறது. அங்கே வெள்ளை என்பது வெளிச்சத்தின் விளையாட்டாக இல்லாமல் உடலின் கட்டமைப்புக்கு ஓர் அத்தாட்சியாகிவிடுகிறது. ஒன்றில் துணி காற்றைச் சேர்ந்தது, மற்றதில் எலும்பைச் சேர்ந்தது. இரண்டு பாணிகளுக்கும் இடையிலான நம்பத்தக்க வேறுபாடாக எனக்குத் தோன்றுவது இதுவே.

இனிச் சேப்பாக்கத்துக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அங்கே மாளிகை கட்டிக் குடியேறியது 1768 இல். அடுத்த ஆண்டே டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் மதராஸில் வந்திறங்கினார். தொழில்முறை ஓவியராக இந்தியாவுக்கு வந்த பிரித்தானியர்களுள் பெயர்பெற்ற முதல் ஆள் அவர். நவாபை ஆளுயரத்தில் தீட்டினார். 1771 இல் வங்காளத்துக்குப் போய்விட்டார். 1774 இல் ஜோர்ஜ் வில்லிசன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வந்து 1780 வரை தங்கி, நவாபையும் அவர் குடும்பத்தாரையும் பலமுறை தீட்டினார். வில்லிசன் வரைந்த நவாபின் ஜாமா என்ற நீண்ட மஸ்லின் அங்கியைப் பார்க்கும்போது முன்னே சொன்ன உத்தி முழுவதும் அங்கே வேலைசெய்வது தெரிகிறது. உள்ளாடையின் நிறம் மஸ்லினூடாகக் கசிகிறது. மடிப்புகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று சொல்ல முடியாது. அவை கீழ்நோக்கி வழிகின்றன, அவ்வளவுதான். அந்த வெள்ளை மங்கலின் மேல் முத்து வடங்களும் மணிகளும் தடித்த புள்ளிகளாக உட்கார்ந்திருக்கின்றன. இதில் வியப்பு என்னவென்றால், வில்லிசன் பாரிஸ் சல்லாபக் கூடங்களில் வளர்ந்தவரல்ல. ரோமில் பயின்றவர், 1765 இல் அங்கே வைத்து ஜேம்ஸ் பொஸ்வெல்லின் உருவப்படத்தைத் தீட்டியவர். அதே ஆண்டுகளில் அதே நகரில்தான் வின்கெல்மன் இருந்து கிரேக்கச் சிற்பத்தின் புறக்கோட்டை உலகுக்கு உபதேசித்துக்கொண்டிருந்தார். நவசெவ்வியலின் தொட்டிலிலேயே தொழில் கற்ற ஒருவர் சேப்பாக்கத்தில் ரொக்கோக்கோக் கையோடு மஸ்லின் தீட்டுகிறார் என்றால் அது அறியாமையாக இருக்க முடியாது. அந்த வேலைக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

அது என்ன வேலை? 1763 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் என்று ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் அரசர், நடப்பில் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் தனியார் ஆங்கிலேயருக்கும் கடன்பட்டு நெருக்கப்பட்டவர். தன் உருவப்படங்களை அவர் லண்டனுக்குப் பரிசாக அனுப்பினார். கம்பனியின் தலைக்கு மேலாக இங்கிலாந்து மன்னரிடமே பேசும் முயற்சி அது. அங்கே போய்ச் சேரவேண்டியது ஒரு செயலோ நீதிக்கதையோ அல்ல. ஓர் ஆளின் இருப்பு, செல்வம், சமநிலை. பார்ப்பவர் கண் துணியில் தங்கி, மணியில் தங்கி, முகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு ஒளிரும் மேற்பரப்பைப்போல் உதவும் உத்தி வேறில்லை. ஆர்க்காட்டு நவாபின் கடன் விவகாரம் 1785 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பேர்க்கின் வாயில் பெரும் ஊழற்கதையாக வெடித்ததை நினைத்தால், இந்த மினுமினுப்பின் அரசியல் தேவை இன்னும் நன்றாக விளங்கும்.

இதே துணி இதே காலத்தில் பாரிஸில் வேறொரு கலகத்தை மூட்டியது. 1783 ஆம் ஆண்டுச் சலோனில் எலிசபெத் விஜே லெப்ரன், அரசி மரி அந்துவனெத்தை எளிய வெள்ளை மஸ்லின் அங்கியில் வரைந்து வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஊர் கூவியது. லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் வயிற்றில் அடித்துவிட்டு அந்நியப் பருத்தியை அணிகிறாள் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்தது. படத்தை எடுத்துவிட்டு, கையில் அதே ரோஜாவோடு நீலப் பட்டுடுத்திய அரசியின் படத்தை ஓவியர் வைக்கவேண்டியதாயிற்று. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1800 இல், டாவிட் மதாம் ரெகமியேவை வெள்ளை மஸ்லின் உடுத்து வெறுங்காலோடு சாய்ந்திருப்பவளாகத் தீட்டியபோது அந்தத் துணி கிரேக்க எளிமையின் சின்னமாகிவிட்டிருந்தது. அந்த ஓவியமும் முடியவில்லை. பின்னணி முழுவதும் மெல்லிய பழுப்பு வர்ணத்தைத் தூரிகையால் தேய்த்துவிட்ட தடங்கள், திசைக்கொன்றாக அப்படியே தெரிகின்றன. கல்போல் ஒப்புரவான மேற்பரப்பின் ஆசானுக்கு எவ்வளவு தளர்ந்த, விளையாட்டான கை இருந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. 1793 இல் வரைந்த மராவின் மரணத்திலும் மேற்பாதியின் வெறுமை முழுக்க இப்படிப்பட்ட துடிக்கும் சிறு தீற்றல்களால் ஆனது. டாவிட் ரொக்கோக்கோக் கையை இழந்துவிடவில்லை. எங்கே அதை மறைக்கவேண்டும், எங்கே விட்டுவைக்கலாம் என்று அறிந்திருந்தார்.

மதராஸில் மறைக்கவேண்டிய தருணம் 1792 இல் வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தான் தன் இரு மகன்களைப் பிணையாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பெப்ரவரி 26 அன்று ஸ்ரீரங்கபட்டணத்துக்கு வெளியே கோர்ன்வாலிஸ் பிரபு அவர்களை ஏற்றுக்கொண்டார். நேரில் பார்த்த படையதிகாரி ஒருவரின் குறிப்பின்படி, சிறுவர்கள் நீண்ட வெள்ளை மஸ்லின் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் அணிந்திருந்தார்கள். ஆக, அதே துணி மறுபடியும் வருகிறது. ரொபேர்ட் ஹோம் என்ற ஓவியர் அந்தப் படையோடு கூடவே போயிருந்தார். அஞ்சலிகா கௌஃப்மனிடம் பயின்று ரோமில் சில ஆண்டுகள் இருந்தவர் அவர். அவருடைய ஓவியத்தில் கூட்டம் ஒரு சிற்பப் பட்டிகைபோல் பார்வைக்கு இணையாக விரிகிறது. நடுவில் கோர்ன்வாலிஸ் பிள்ளைகளின் கையைப் பற்றி வரவேற்கிறார். பிள்ளைகளின் மஸ்லின் இங்கே யாரையும் மயக்கவில்லை. செஞ்சட்டைகளுக்கும் யானைகளுக்கும் கூடாரத்துக்கும் நடுவே அது ஒரு தெளிவான வெண் வடிவம், அவ்வளவே. கண்ணை நேராகக் கைப்பற்றும் செயலுக்கு இட்டுச்செல்லும் குறி. போரின் கொடுமைக்கு மேல் தந்தைமையின் கருணை என்ற கதையைச் சொல்லவேண்டியிருந்தது. கதைக்குப் புறக்கோடு வேண்டும், வரிசை வேண்டும், யார் கொடுக்கிறார் யார் வாங்குகிறார் என்பது ஒரே பார்வையில் விளங்கவேண்டும். 1791 மார்ச்சில் பெங்களூர்ப் பேட்டை வாசலில் மாண்ட கேணல் மூர்ஹவுஸை ஹோம் வரைந்தபோதும் இதே ஒழுங்கைத்தான் பின்பற்றினார். சாய்ந்து விழும் வீரன், அவனைத் தாங்கும் தோழர்கள் என்ற அந்த அமைப்பு 1770 இல் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த ஜெனரல் வூல்ஃபின் மரணத்திலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் பழைய ஓவியங்கள் நிற்கின்றன.

இப்படிப்பட்ட வரலாற்று ஓவியம் தானாக விளைவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். அதற்குப் படையோடு போகும் ஓவியர் வேண்டும், காசு கொடுப்பவர் வேண்டும், லண்டனில் செதுக்குப்பட அச்சுப் போட்டு விற்பவர் வேண்டும். மைசூருக்கு மூன்றும் கிடைத்தன. பதினொரு ஆண்டுகள் கழித்து இலங்கையின் வன்னியில் நடந்த போருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைப் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்தார். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், ஒட்டுசுட்டானை அண்டிய கற்சிலைமடுவில், அந்தச் செய்தி ஆங்கிலத்தில் சில சொற்களாகக் கல்லில் வெட்டப்பட்டது. இன்று சிலைகளிலும் அட்டைப்படங்களிலும் நாம் காணும் வன்னியனின் உருவம் பிற்காலக் கற்பனை. விறைத்த மார்பு, ஓங்கிய வாள், தெளிந்த புறக்கோடு என்ற அதன் இலக்கணமும் வெஸ்ட், டாவிட் வழிவந்த வீர ஓவிய மரபுக்கே கடன்பட்டது. தோற்கடித்தவர்களின் ஓவிய மொழியிலேயே தோற்றவனை மீட்டெடுத்திருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்து செய்வது நல்லது.

ஒரு மறுப்பு இங்கே எழும். பாணியின் உயிர் அதன் உள்ளடக்கத்தில் இருக்க, துணியையும் தூரிகைத் தடத்தையும் பிடித்துக்கொண்டு வாதிடலாமா? ஊஞ்சலாடும் பெண்ணும் நாட்டுக்காகச் சபதம் செய்யும் சகோதரர்களும் ஒரே உலகத்தவரா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் உள்ளடக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் சான்றுகள் உடனே குழம்பிவிடுகின்றன. டாவிட்டின் ஆசான் வியன் 1763 இல் சலோனில் வைத்த ஓவியத்தில், ஒரு பெண் கூடையில் குட்டி மன்மதர்களை வைத்து விற்கிறாள். பொருள் பூஷேயே வெட்கப்படும் அளவுக்கு ரொக்கோக்கோ. ஆனால் அமைப்பு, உடை, கோடு எல்லாம் ஸ்தாபியே அகழ்வில் கிடைத்த பழைய ரோமச் சுவரோவியத்தைப் பின்பற்றியவை. அதைவிடத் தெளிவான சான்று லூவெசியென் மாளிகையில் நடந்தது. பிரெஞ்சு மன்னரின் காதலி மதாம் துபாரி 1771 அளவில் காதலின் படிகளைக் காட்டும் பெரிய ஓவியங்களை ஃபிரகொனாரிடம் கேட்டாள். அவர் தீட்டிக் கொடுத்தார். அவள் திருப்பி அனுப்பிவிட்டு, அதே காதல் விடயத்தை வியனிடம் வரையக் கேட்டாள். மாளிகையின் கட்டடம் நேர்க்கோடுகளாலான புதிய பாணி. ஃபிரகொனாரின் பொங்கும் மரங்கள் அதற்கு ஒவ்வவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பேசுபொருள் மாறவில்லை, ஒழுக்கம் ஓரங்குலமும் உயரவில்லை. மாறியது கை மட்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. மதராஸுக்கு வந்தவர்கள் ஆங்கிலேயர், ஸ்கொட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர். அவர்களுடைய குரு ரெய்னோல்ட்ஸ், பூஷேயுமல்ல டாவிட்டுமல்ல. ஆகவே பிரெஞ்சு முத்திரைகளை அவர்கள்மேல் குத்துவது தவறு என்பார்கள். முத்திரையைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். கெட்டிலை யாரும் ரொக்கோக்கோ ஓவியர் என்று பதிவேட்டில் எழுதவேண்டியதில்லை. எனினும் என் வாதம் முத்திரையைப் பற்றியதல்லவே. இரண்டு செய்முறைகளும் பாரிஸுக்கு வெளியே, ரோமிலும் லண்டனிலும் பழகிய கைகளில் ஒருங்கே இருந்தன என்பதும், சேப்பாக்கத்தின் தேவைக்கு ஒன்றும் கம்பனிப் பாளையத்தின் தேவைக்கு மற்றொன்றும் வெளிவந்தன என்பதும்தான் வாதம். பிரெஞ்சுப் பள்ளியின் நேரடிப் பிடியில் இல்லாதவர்களிடமும் இது நிகழ்ந்தது வாதத்துக்கு வலுச்சேர்க்கிறதேயன்றிக் குறைக்கவில்லை.

தெரிவு வெள்ளையருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. தஞ்சாவூரில் 1798 இல் அரியணையேறிய இரண்டாம் செர்போஜி மன்னர், அதே ஆண்டு இறந்த தன் பாதுகாவலர் சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு நினைவுச்சின்னம் வேண்டி லண்டனில் ஜோன் ஃபிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் புடைப்புச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைச் சிறுகோட்டையிலுள்ள கிறிஸ்து ஆலயத்தில் அது இன்றும் இருக்கிறது: படுக்கையில் பாதிரியார், அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கும் மன்னர், சுற்றிலும் துயருற்றோர். பூஸன் 1627 இல் வரைந்த ஜெர்மானிக்கஸின் மரணத்திலிருந்து டாவிட்டின் சோக்ரடீஸ்வரை நீண்ட மரணப்படுக்கை அமைப்பு இதுவேதான். இதே மன்னரின் ஆட்சியில் தஞ்சாவூர் ஓவியர்கள் சுண்ணப்பசையால் மேடுகட்டிப் பொற்றகடு ஒட்டித் தெய்வங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஐரோப்பியருக்கு விற்கும் சாதித் தம்பதியர் படங்களில் வெள்ளை வேட்டிக்குச் சாம்பல்நிற மடிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, கிறிஸ்தவ ஆங்கில உலகத்தோடு பேச இன்னொன்று என்று ஒரே ஊரில் மூன்று பாணிகள் ஒரே பத்தாண்டில் இயங்கின. எது முன்னேறியது, எது பின்தங்கியது என்ற கேள்வி அங்கே யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கடைசியாக, நவசெவ்வியல் என்றாலே கிரேக்கமும் ரோமும்தானே, அந்தப் பழமையில்லாத மண்ணில் அது வெறும் இரவல்தானே என்பவர்களுக்கு 1816 இல் தோமஸ் ஹிக்கி மதராஸில் வரைந்த கொலின் மக்கென்ஸியின் படத்தைக் காட்டலாம். இளமையில் இத்தாலியில் பயின்று முதுமையில் மதராஸிலேயே தங்கிவிட்டவர் ஹிக்கி. நில அளவையாளர் மக்கென்ஸி செஞ்சட்டையில் நடுவே நிற்கிறார். சுற்றிலும் அவருடைய மூன்று இந்திய உதவியாளர்கள், ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. அவர்களுடைய வெள்ளை உடை நவாபின் மஸ்லின்போல் மினுங்கவுமில்லை, சோக்ரடீஸின் போர்வைபோல் கல்லாகவுமில்லை. வேலைக்கு வந்தவர் உடுத்திய துணியாகவே இருக்கிறது. பின்னணியில், ரோமில் படித்த ஓவியர் எவரும் பழங்கால நிர்வாணச் சிலையொன்றை வைக்கும் தூரத்தில், ஒரு நிர்வாணச் சிலை நிற்கிறது. அது அப்பலோ அல்ல. கார்க்களத்தில் 1432 இல் நிறுவிய சமணக் கோமடேசுவரர். பழமைக்கென்று அந்தப் பாணி ஓரிடம் ஒதுக்கியிருந்தது. அந்த இடத்தில் எந்த ஊர்ப் பழமையை நிறுத்துவது என்பதை ஹிக்கியும் மக்கென்ஸியும் தங்கள் வேலையைப் பார்த்துத் தீர்மானித்துக்கொண்டார்கள்.